அயர்லாந்து துணியோடு வந்த நாள்

உலகத்தை ஒருமுறை நான் நாசமாக்கியிருக்கிறேன். போர் தொடுத்து அல்ல, ஒரு சிட்டிகை மஞ்சளால். இதை வெளியாட்களிடம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் இரகசியம் தங்காது. மொன்றியலில் இருக்கிற சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மற்றப் பாதிப் பேருக்கு நடந்ததைவிட மோசமாகத் தெரியும். (நான் ஏதோ ஒரு உண்மையான நாட்டுக்கே தீங்கு செய்துவிட்டேன் என்று ஒரு மாமி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.) ஆகையால் நானே எழுதிவிடுவது நல்லது.

என் அக்கா இங்கிலாந்தில் உலகம் செய்கிறாள். பெயர் சுகந்தி. கடற்கரையோரச் சின்ன ஊர் ஒன்றில், முன்பு குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில், ஏழு பேர் சேர்ந்து கையால் உலக உருண்டை செய்கிற வேலைத்தலம் அது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் மேசையில் தூசி பிடித்து நின்ற பிளாஸ்டிக் உருண்டையை நினைத்துவிடாதீர்கள். இது வேறு சாதி. வரைபடத்தைப் பூவிதழ் மாதிரி நீள நீளமாக வெட்டி, ஒவ்வொரு இதழுக்கும் நீர்வர்ணம் தீட்டி, நனைத்து, ஒரு வெறும் உருண்டையில் ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். நனைந்த கடதாசி நீளும். கொஞ்சம் கூட நீண்டால் ஒரு நாடு மற்ற நாட்டுக்கு மேலே ஏறிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர் ஒழுங்காக ஓர் உருண்டை ஒட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்குமாம்.

அக்கா அங்கே முதலில் போனது தரை கூட்டத்தான். குப்பையில் எறிந்த கிழிசல் இதழ்களை வீட்டுக்குக் கொண்டுபோய், கடையில் வாங்கின பிளாஸ்டிக் பந்தில் ஒட்டி ஒட்டிப் பழகியிருக்கிறாள். முதலாளி கிரஹாம் ஒருநாள் அந்தப் பந்தைக் கண்டுவிட்டு, விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டுத் தூரிகையைக் கொடுத்தார். இப்போது கடல்களுக்கு நிறம் தீட்டுவது அவள்தான். செய்து முடித்த ஒவ்வொரு உருண்டையிலும், தென்துருவத்துக்குப் பக்கத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் அவளுடைய பெயரின் முதலெழுத்து இருக்கும்.

எனக்கு இது எவ்வளவு பெருமை என்று சொல்லத் தேவையில்லை. நான் மொன்றியலில், வில்லரே என்கிற பகுதியில், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பல்லைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களிடம்கூட "என்னுடைய அக்கா உலகம் செய்கிறா" என்று சொல்லியிருக்கிறேன். வாய் மரத்துப்போனவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது அந்த மேசையில் உள்ள வசதி.

பெருமை ஒருபக்கம். உண்மை என்னவென்றால், அக்காவை நேரில் பார்த்துப் பதினொரு வருடமாகியிருந்தது. கடைசியாக லண்டனில் ஒரு கலியாண வீட்டில் கண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் "வாறன், வாறன்" என்பாள். பிறகு அது "பேந்து வாறன்" ஆகிவிடும் (பேந்து என்றால் எங்கள் பேச்சில் அப்புறம்). நான் போவோம் என்றால் என் கணவருக்கு விடுமுறை கிடைக்காது, மகளுக்குப் பரீட்சை, அதற்கு முன்னால் அம்மாவுக்குச் சுகமில்லை. அம்மா என்னோடுதான் இருந்தா. தொற்றுநோயால் விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த அந்தக் காலத்தில்தான் அம்மா போய்ச் சேர்ந்தா. அக்கா எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில்தான் பார்த்தாள். நான் போனை அம்மாவின் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். போன் சரிந்து சரிந்து, அவளுக்குப் பாதி நேரம் கூரைதான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு விமானங்கள் பறக்கத் தொடங்கின. அக்காவின் "பேந்து" மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்த நிலையில், இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் பல் டொக்டர் ஜில்பேர் தன் மனைவிக்குத் தெரியாமல் ஒரு உலக உருண்டை ஓடர் பண்ணினார். கலியாணம் செய்து நாற்பது வருட நிறைவுக்குப் பரிசு. என் பெருமைப் பேச்சைத் தினம் கேட்டுக் கேட்டு மனிதர் விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் மனைவி கண்டுவிடுவா, கிளினிக்குக்கு வந்தாலும் கண்டுவிடுவா (அந்த அம்மாதான் கணக்குப் பார்க்கிறவ). "உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாமா?" என்று கேட்டார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அக்கா கைபட்ட பெட்டி என் வீட்டுக்கு வரப்போகிறது. ஒரு கிழமை, ஒரு வாரம் முழுக்க, என்னோடு இருக்கப்போகிறது. அவள் வராவிட்டாலும் அவள் செய்த உலகமாவது வரட்டும் என்று நினைத்தேன்.

அனுப்புவதற்கு முதல்நாள் அக்கா போன் எடுத்து நீளமாகக் கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று கேட்டால், அங்கேதான் என் பிழை தொடங்குகிறது. எனக்கு அக்காவின் குரல் காதில் விழுந்தால் போதும். அவள் மூக்கை உறிஞ்சுகிற விதம், ஒரு வசனத்தின் நடுவில் தேத்தண்ணி குடிக்கிற சத்தம், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லுவேன். விஷயம் வேறெங்கோ போய்விடும். அன்றைக்கும் பதினைந்து நிமிடம் ஓம் போட்டேன்.

பெட்டி வந்தது சரஸ்வதி பூசையன்று காலை. அதை நான் தற்செயலாக எடுக்கவில்லை. இவர் டோர்வல் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றி இறக்குகிற வேலை செய்கிறவர். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பெட்டிகளைத் தூக்கியவர், இதை மட்டும் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். திறந்தோம். உள்ளே மரச்சுருளுக்கு நடுவில், நடுத்தரப் பூசணிக்காய் அளவில், கடல் முழுக்க அக்காவின் நீலம். நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. (இது என் வீட்டில் நடப்பதில்லை. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.)

வேலை செய்கிற ஆயுதங்களையும் படிக்கிற புத்தகங்களையும் அன்றைக்குச் சாமிக்கு முன்னால் வைப்பதுதானே வழக்கம். மகள் அபியின் கணினி, இவருடைய கையுறை, என்னுடைய கிளினிக் திறப்புச் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் உலகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவல், கடலை, மோதகம், அதற்குப் பக்கத்தில் ஏழு கண்டங்களும். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தால், கணினியோடு சந்தனம் முடிந்துவிட்டது. சரி, மஞ்சளைக் குழைத்தேன்.

"இஞ்சேர், உது ஆற்றையோ சாமான். பொட்டு வைக்காதையும்" என்றார் இவர், அடுத்தவர் பொருளாயிற்றே என்று.

"புதுச் சாமான் பொட்டு இல்லாமல் இருக்கக்கூடாது. அதுவும் அக்கா செய்தது" என்றேன் நான்.

"பேந்து துடைக்க ஏலுமோ?"

"துடைச்சால் போகும். நான் துடைக்காத மஞ்சளோ?"

உருண்டைக்கு நெற்றி எது என்று ஒரு பிரச்சினை வந்தது. உலகத்தில் எந்த இடத்தில் பொட்டு வைப்பது? யோசிக்க யோசிக்க ஒரு இடத்தோடு மனம் நிற்கவில்லை. மொன்றியலில் ஒன்று வைத்தேன், நாங்கள் இருக்கிற இடம். யாழ்ப்பாணத்தில் ஒன்று வைத்தேன், அது சொல்லத் தேவையில்லை. பிறகு இங்கிலாந்தைத் திருப்பி, அக்கா இருக்கிற கரையைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டாக, விரலால் நல்லாக அமத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அமத்தின விரலை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அவள் இருக்கிற இடத்தை நான் தொட்டதேயில்லை. இதை இப்போது எழுதும்போது அழகாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் இருக்கவில்லை.

மறுநாள் பூசைச் சாமான்களை எடுக்கும்போது ஈரத்துணியால் இங்கிலாந்தைத் துடைத்தேன். குங்குமம் போயிற்று. மஞ்சள் போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மஞ்சள் வேல்ஸ் பக்கம் பரவியது. இங்கே ஒரு புத்தியுள்ள பெண் நிறுத்தியிருப்பாள். நான் குசினிக்குப் போய் அடுப்படித் தட்டிலிருந்து அப்பச்சோடா எடுத்துவந்தேன். பிடிவாதக் கறைக்கு அப்பச்சோடாவைப்போல ஒன்றுமில்லை என்று பத்து வருடமாக எல்லோருக்கும் புத்தி சொல்லி வந்தவள் நான்.

சோடாவைத் தொட்டுத் தேய்த்ததும் மஞ்சள் சிவப்பாகிவிட்டது. வெளிறிய சிவப்பு அல்ல, நல்ல இரத்தச் சிவப்பு. தேய்க்கத் தேய்க்க இங்கிலாந்து சிவந்தது, கடல் சிவந்தது, சிவப்பு பிரான்சுக்குப் போகிற வழியில் இருந்தது. நான் போட்ட சத்தம் கேட்டு அபி ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் ஏதாவது பிழையாகிப்போனால் அவள் வாயில் முதலில் பிரெஞ்சுதான் வரும்.

"சே பா பொசிப்ல்! இப்பிடியும் நடக்குமோ! அம்மா, மஞ்சளுக்குச் சோடா போட்டால் சிவப்பாகும். நாங்கள் பள்ளிக்கூடத்தில செய்தனாங்கள்!"

"அதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே?"

"நேற்று நீங்கள் உலகத்தைக் கழுவப்போறீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பதற்றத்தில் இன்னொரு முறை துணியை வைத்து இழுத்தேன். ஏதோ மெல்லிசாகக் கழன்றது. துணியைத் திருப்பிப் பார்த்தேன். அயர்லாந்து துணியில் இருந்தது. பச்சை நிறம், கரை, ஊர்ப்பெயர்கள் எல்லாம் அப்படியே, ஒரு சேதமும் இல்லாமல். இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம்.

ஈரம்தானே காரணம், காய வைத்தால் சரி என்று தலைமயிர் காயவைக்கிற இயந்திரத்தைப் பிடித்தேன். (ஓம், பிடித்தேன். மறைத்து என்ன பயன்?) ஐஸ்லாந்துக்குக் கீழேயிருந்து அந்த இதழின் விளிம்பு மெதுவாக எழும்பி, சுருண்டு, நின்றுவிட்டது. அபி என் கையிலிருந்து இயந்திரத்தைப் பறித்து மின்சாரத்தை நிறுத்தினாள். இவரும் வந்து பார்த்தார், மூன்று பேரும் தரையில் குந்தி இருந்தோம். டொக்டருடைய கலியாண நாள் விருந்துக்கு எட்டு நாள் இருந்தது.

டொக்டரை நினைத்து வந்த பயம் ஒரு பக்கம். ஆனால் என்னை வருத்தினது வேறு ஒன்று. அந்த உருண்டையின் அடியில் அக்காவின் எழுத்து இருந்தது. தரை கூட்டப்போன இடத்தில் அவள் எத்தனை வருடம் குனிந்து சம்பாதித்த எழுத்து அது. என்னை நம்பி, என் வாயை நம்பி வந்த ஓடரில், அவளுடைய பெயரை நான் அப்பச்சோடாவால் தேய்த்திருந்தேன். அங்கே இருக்கிற ஆறு பேரும் இனி அவளைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? அவள்தான் இனி என்னோடு கதைப்பாளா?

போன் எடுத்தேன். சொல்லவந்ததைச் சொல்லாமல் அழுதேன். அக்கா பொறுமையாக இருந்தாள்.

"ஆருக்கு என்ன நடந்தது எண்டு முதல்ல சொல்லு."

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. அயர்லாந்து..."

"அயர்லாந்துக்கு என்ன?"

"துணியோட வந்திட்டுது."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, ஒரு வைத்தியர் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "தண்ணி பட்டதோ? வேற என்ன பட்டது? மஞ்சளோ? ஏனடி மஞ்சள்? சோடாவோ? எந்தச் சோடா? எவ்வளவு நேரம் தேய்ச்சனீ?" நான் ஒப்புக்கொடுக்கிற குற்றவாளி மாதிரிப் பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

"மேற்பூச்சு இன்னும் இறுகேல்லை வசந்தி. மூண்டு கிழமைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு அண்டைக்குப் பதினைஞ்சு நிமிசம் சொன்னனே. நீயும் ஓம் ஓம் எண்டனீ."

"நான் உன்ரை குரலைக் கேட்டுக்கொண்டிருந்தனான்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "இனிக் கை வைக்காதை. காத்தும் படவிடாதை" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஒரு செய்தி வந்தது. மூன்றே சொல். "வியாழன் வாறன். டோர்வல்."

பதினொரு வருடமாகக் கெஞ்சி வராத அக்கா, ஒரு கறைக்கு வந்தாள். கிரஹாமிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லையாம். உலகம் கெட்டுப்போனால் போய்த் திருத்தத்தானே வேண்டும் என்று சொல்லி, புது இதழ்களையும் பசையையும் எடுத்துக் கொடுத்தாராம்.

விமான நிலையத்தில் நான் எப்படிக் கட்டிப்பிடிப்பது, முதலில் என்ன சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. நரைத்த கொண்டையோடு, இதழ்களைச் சுருட்டி வைத்த நீளமான ஒரு அட்டைக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா வந்தாள். நான் கையை விரித்தேன்.

"கசங்கிப்போம்" என்று குழாயை ஒதுக்கினாள். பிறகு, "எங்க அது?" என்றாள்.

வீட்டில் நான் சமைத்து நிரப்பியிருந்தேன். நண்டுக் கூழ், அவளுக்குப் பிடித்த முருங்கையிலை வறை, காலைக்குப் புட்டு அவிக்க மாவும் குழைத்து வைத்திருந்தேன். அக்கா வாசலில் நின்று மூக்கை உயர்த்தினாள்.

"அடுப்பை நிப்பாட்டு. நான் போகுமட்டும் இந்த வீட்டில ஆவி வரக்கூடாது. கடதாசி இளகிப்போம்."

"புட்டும் அவிக்கக்கூடாதோ?"

"தேத்தண்ணியும் வெளியில."

மூன்று நாள் அக்கா என் வீட்டில் இருந்தாள். மூன்று நாளும் பாணும் பட்டரும், கீழே டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கின உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டாள். யாழ்ப்பாணத்தில் இருந்து கனடா வரைக்கும் என் சமையலைப் புகழாத ஆளில்லை. என் சொந்த அக்காவுக்கு நான் ஒரு கரண்டி சோறு போடவில்லை. ஜான்-டலோன் சந்தையில் அவளுக்கென்று வாங்கின நண்டுகளில் மிச்சம் குளிர்ப்பெட்டியில் கிடந்தது. கூழை இவர் டோர்வலுக்குக் கொண்டுபோய் வேலையில் உள்ளவர்களுக்குக் கொடுத்தார். கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டு கோப்பை குடித்தாராம், அதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

வேலைக்கு அவளுக்குக் குசினியிலிருந்து தூரமான, வெளிச்சமான அறை வேண்டியிருந்தது. அப்படி ஒரு அறைதான் வீட்டில் இருந்தது. நான் கதவைத் திறந்தேன், என்ன அறை என்று சொல்லவில்லை. அக்கா உள்ளே போய் யன்னலைப் பார்த்தாள், சுவரில் ஊன்றுகோல் உரசின கோட்டைப் பார்த்தாள்.  பிறகு மேசையை இழுத்துப்போட்டு உருண்டையை வைத்தாள்.

நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். பதினொரு வருடத்துக் கதை எனக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. "அக்கா, உனக்குத் தெரியுமோ..." என்று தொடங்குவேன்.

"கதையாதை. கை ஆடும்."

ஆகவே அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்த இதழை நனைத்து நனைத்து வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரைக்கும் உரித்தெடுத்தாள். மொன்றியல் பொட்டையும் யாழ்ப்பாணப் பொட்டையும் ஒரு சின்னக் கத்தியால் சுரண்டி, மேலே வர்ணம் வைத்தாள். புது இதழுக்குக் கடல் தீட்டினாள், ஒருமுறை, காயவிட்டு இன்னொருமுறை, பிறகும் ஒருமுறை. காயக் காத்திருக்கும்போதாவது கதைக்கலாம் என்று நினைத்தேன். அவளுக்கு அங்கே நேரம் வேறு, இங்கே நேரம் வேறு. கதிரையில் இருந்தபடியே தூங்கிப்போனாள். நகத்துக்குள் நீலம் இருந்தது. நான் போர்வை போர்த்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவள் நித்திரையாகவேனும் என் வீட்டில் இருக்கிறாளே என்று இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். நீளமான இதழை ஒட்ட இரண்டு பேர் வேண்டுமாம். அங்கே கிரஹாம் பிடிப்பாராம்.

"நீ கீழ் நுனியைப் பிடி. இழுக்காதை, விடாதை, நடுங்காதை. மூச்சை மெல்ல விடு."

அப்படியாக நான் தென்துருவம் ஆனேன். அக்கா வடக்கிலிருந்து விரல் நுனியால் தடவித் தடவி இறங்கி வந்தாள். நனைந்த கடதாசி தோசை மாதிரித் துவண்டு கிடந்தது. எங்கள் இரண்டு பேருடைய நெற்றியும் முட்டுகிற அளவுக்குக் கிட்ட வந்திருந்தன. அவளுடைய தலையில் அம்மா வைக்கிற அதே எண்ணெய் மணம். கண்ணீர் வந்தது, உலகத்தில் விழுந்தால் இன்னொரு நாடு போய்விடும் என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா இந்த அறையிலதானே இருந்தவ?" என்றாள், கையை எடுக்காமல்.

"ஓம்."

"கட்டில் எந்தப் பக்கம்?"

"யன்னல் பக்கம். தெருவைப் பாத்துக்கொண்டு படுப்பா."

ஆபிரிக்கா வரை ஒட்டிவிட்டாள். விரல் நிற்கவில்லை.

"எனக்கு இஞ்ச வரப் பயமாயிருந்தது வசந்தி. வந்தால் அம்மா இல்லை எண்டது மெய்யாப்போம். அங்க இருக்கிறமட்டும், அவ உன்ரை வீட்டில இருக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "நடுங்காதை" என்றாள். நான் நடுங்கவில்லை. என் பக்கம் வந்து சேர்ந்ததும் விரலை என் விரலுக்கு மேலே வைத்து, அப்படியே அமத்திப் பிடித்துக்கொண்டாள். பசை பிடிக்க இரண்டு நிமிடம் போதுமாம். நாங்கள் அதைவிட நெடுநேரம் பிடித்தபடி நின்றோம். பதினொரு வருடத்துக்கு நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

மூன்றாம் நாள் மேற்பூச்சு. இந்த முறை ஒரே இரவில் கெதியாக இறுகுகிற பூச்சு கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுக்கு விமானம். அதற்கு முன், கணக்குப் பார்க்கிற மனைவி அன்றைக்கு வரமாட்டா என்று, நாங்களே உருண்டையைப் பூட்டியிருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டொக்டர் இரகசியமாக வந்து பின்கதவைத் திறந்தார். துணியை விலக்கியதும் மனிதர் குழந்தையாகிவிட்டார். விரலால் சுற்றினார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அயர்லாந்துக்கு மேலே அவருடைய விரல் போகும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விரல் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது.

பிறகுதான் அக்காவைக் கவனித்தார். ஆங்கிலத்தில் கேட்டார், "நீங்கள் இதற்காகவா இங்கிலாந்திலிருந்து வந்தீர்கள்?"

நான் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "எங்கள் வேலைத்தலத்தில் அப்படித்தான். நல்ல வேலையென்றால் செய்தவரே கொண்டுவந்து கொடுப்போம்."

வாழ்க்கையில் பொய் சொல்லாத என் அக்கா, எனக்காகச் சொன்ன பொய் அது. டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். நகத்தில் இருந்த நீலத்தைப் பார்த்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கிருந்து நேரே டோர்வல். அங்கே கட்டிப்பிடித்தோம், குழாய் வெறுமையாக இருந்தது, கசங்க ஒன்றுமில்லை. அவள் உள்ளே போய் மறைந்தபிறகும் நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இது திரும்பி வாற கதவில்லை, போற கதவு" என்று இவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். ஆவி எழும்பியதும் அடுப்படியில் நின்று அழுதேன்.

இதன் பலன்கள் இன்னும் தீரவில்லை. முதலாவது, அந்த வேலைத்தலத்திலிருந்து போகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இப்போது ஒரு சின்ன அட்டை வைக்கிறார்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம் என்பவற்றோடு, மஞ்சள் பூச வேண்டாம் என்றும் அதில் அச்சடித்திருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு கிழவர் போன் எடுத்து, இது அடிக்கடி நடக்கிற விஷயமா என்று கேட்டாராம். ஒரே ஒரு தடவை, கனடாவில் என்று கிரஹாம் சொன்னாராம். எங்கள் வீட்டில் யாருக்காவது யாரையாவது பார்க்க ஆசை வந்தால் "மஞ்சள் பூசவோ?" என்று கேட்பதும் அன்றிலிருந்துதான். கலியாண வீடுகளில்கூட, வராத உறவினரைப் பற்றிக் கதை வந்தால் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்கிற கட்சியும் ஒன்று இருக்கிறது. அதற்கு இவர்தான் தலைவர்.

இரண்டாவது, அக்காவின் பொய். டொக்டர் அதை விருந்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது அவருடைய தம்பி தனக்கும் ஒரு உலகம் வேண்டும் என்கிறார், கடல் அதே நீலத்தில். செய்தவரே கொண்டுவந்து தருவார்தானே என்று வேறு கேட்கிறார்.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டேன். "அது ஒருதரம் சொன்ன பொய்யடி" என்றாள். "இது கூரியரிலதான் வரும். உன்ரை வீட்டுக்குத்தான் வரும். மூண்டு கிழமைக்கு நீ பெட்டியைத் திறக்கக்கூடாது, விளங்கிச்சோ?" விளங்கியது என்றேன். நீ எப்போது வருவாய் என்று கேட்டேன். "பேந்து வாறன்" என்றாள்.

பெட்டி வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறது. இவர் முன்னெச்சரிக்கையாக மஞ்சள் தூள் போத்தலை ஒளித்து வைத்திருக்கிறார். எங்கே என்று எனக்குத் தெரியும்.